மலைப்பல்லியின் பெயர் வரலாறு

மாந்தர்க்குப் பெயர் வாய்ப்பது பிறந்த சில நாட்களில். மலையில் வாழும் சிற்றுயிர்க்கோ பெயர் வாய்க்க நூறாண்டு செல்வதும் உண்டு. வாய்த்த பெயர் நிலைப்பதும் அரிது. கேமரன் மலையின் பாறையிடுக்குகளில் வாழும் சிறு பல்லியொன்று, அம்மலையில் தேயிலைத் தோட்டம் தோன்றி எண்பத்தைந்து ஆண்டுகள் சென்ற பின்னரே தனக்கென ஒரு பெயர் பெற்றது. அதன் நெருங்கிய உறவான பிரேசர் மலைப் பல்லியோ 1949 இல் பெயர் பெற்றபோது, கடல்கடந்த தென் அமெரிக்கப் பல்லிகளின் குடிப்பெயரைச் சூட்டிக்கொண்டு உலகிற்கு அறிமுகமாயிற்று. அதே குடிப்பெயரை நீலகிரிப் பல்லியும் கண்டிப் பல்லியும் அதற்கு முன்னரே சுமந்து நின்றன.

நீலகிரி, கண்டி, கேமரன் மலை ஆகிய மூன்றும் தேயிலையாலும் தமிழர் உழைப்பாலும் ஒன்றோடொன்று உறவுடைய மலைநாடுகள். அவை ஒரு பல்லியின் பொருந்தாப் பெயராலும் ஒருகாலத்தில் பிணைக்கப்பட்டிருந்தன என்பது வியப்பிற்குரிய செய்தி. அப்பெயர் எவ்வாறு வந்தது, எவ்வாறு நீங்கியது, நீங்கிய பின்னர் வெளிப்பட்ட உண்மை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வகுத்தறியும் மரபு

உயிர்களை வகுத்துக் காண்பது தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல், உயிர்களை அவை பெற்றுள்ள புலனறிவின் அடிப்படையில் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்துரைக்கின்றது. இளமைப் பெயர்களைக் கூறுமிடத்து, பறப்பவற்றின் இளமைக்குரிய பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்கள் தவழ்வனவற்றின் இளமைக்கும் உரியன என்று வகுக்கின்றது. எப்பெயர் எவ்வுயிர்க்கு உரியது, எதற்கு உரியதன்று என்னும் வரையறையே மரபு எனப்பட்டது. மரபு பிறழ்ந்தால் பொருள் பிறழும் என்பது நம் இலக்கணத்தார் கொள்கை.

நாட்டு வழக்கிலும் இவ்வரையறை உண்டு. வீட்டுச் சுவரில் ஒட்டி ஊர்வது பல்லி. அதனையே கௌளி என்றும் கூறுவர். வேலியில் தலையசைத்து நிற்பது ஓணான். பழைய இலக்கியங்களில் அதன் பெயர் ஓந்தி. வழவழப்பான மேனியுடன் சருகிடையே நழுவுவது அரணை. உருவிற் பெரியதாய்ப் பிடிப்பிற் பெயர்பெற்றது உடும்பு. எழுத்தறியாத உழவரும் இந்நான்கையும் ஒன்றோடொன்று மயங்கக் கொள்வதில்லை. இன்றைய விலங்கியலாரும் இந்நான்கையும் வெவ்வேறு குடும்பங்களாகவே வைத்துள்ளனர். நம் முன்னோரின் கண் கூர்மைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயின் நாட்டு வழக்கு இவ்வெல்லையோடு நின்றுவிடுகின்றது. பல்லி என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை வகைப் பல்லிகள் அடங்கியுள்ளன என்று அது கேட்பதில்லை. அவ்வினாவை எழுப்பியதே பிற்கால அறிவியலின் பணியாகும்.

இருசொற் பெயரும் அடைப்புக்குறியும்

சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் 1758 இல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில், விலங்குகள் அனைத்திற்கும் இருசொற் பெயர் வழங்கும் முறையை நிலைநாட்டினார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். அதனைக் குடிப்பெயர் எனலாம். இரண்டாம் சொல் சிற்றினத்தைக் குறிக்கும். அதனை இயற்பெயர் எனலாம். முறை நன்று, ஆயினும் தொடக்கத்தில் அதன் பகுப்பு மிகப் பருமையானது. லின்னேயஸ் பல்லி, ஓணான், முதலை ஆகிய அனைத்தையும் ஒரே பேரினத்துள் அடக்கினார். நம் நாட்டுப்புறத்தார் பிரித்தறிந்தவற்றை அவ்வறிஞர் ஒன்றாகக் கண்டார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. பின்வந்தோர் அக்குவியலைச் சிறிது சிறிதாகப் பிரித்தனர்.

இப்பெயர் முறையில் ஆசிரியர்கள் அறிந்துகொள்ளத்தக்க ஒரு நுட்பம் உண்டு. சிற்றினப் பெயருக்குப் பின் அதனை முதன்முதல் விளக்கிய அறிஞரின் பெயரும் ஆண்டும் எழுதப்படும். அவர் வைத்த பேரினத்திலேயே அவ்வுயிர் இன்றும் இருக்குமாயின் அவர் பெயர் வெறுமனே நிற்கும். வேறு பேரினத்திற்கு மாற்றப்பட்டிருக்குமாயின் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இடப்படும். அடைப்புக்குறியைக் கண்டவுடன், இவ்வுயிர் குடிமாறிய உயிர் என்று நாம் உணர்ந்துகொள்ளலாம். மூன்று மலைப்பல்லிகளின் வரலாறும் அந்த இரண்டு வளைவுகளுக்குள் அடங்கியுள்ளது.

நெமாஸ்பிஸ் இண்டிகா (கிரே, 1846) என்பது நீலகிரிப் பல்லி. நெமாஸ்பிஸ் கண்டியானா (கெலார்ட், 1852) என்பது கண்டிப் பல்லி. நெமாஸ்பிஸ் பிளாவோலினியாட்டா (நிக்கல்ஸ், 1949) என்பது பிரேசர் மலைச் சாலையில் ‘கேப்’ என வழங்கும் கணவாயிலிருந்து விளக்கப்பட்ட பல்லி. மூன்றிலும் அடைப்புக்குறி உளது. மூன்றும் குடிமாறியவை.

அமெரிக்கக் குடிப்பெயர் வந்த வழி

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜான் எட்வர்டு கிரே, நீலகிரிப் பல்லியை 1846 இல் விளக்கினார். இலங்கையிலே பிறந்து படை மருத்துவராய்ப் பணியாற்றிய எட்வர்டு பிரெடரிக் கெலார்ட், கண்டிப் பல்லியைத் தம் 1852 ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867 இல். அதற்குப் பதினைந்தாண்டு முன்னரே கண்டிப் பல்லி நூலேறிவிட்டது. இவ்விருவரும் இப்பல்லிகளை வெவ்வேறு பேரினங்களில் வைத்தனர். அப்பேரினப் பெயர்கள் இன்று இப்பல்லிகளுக்கு வழங்குவதில்லை.

அதன்பின் வந்தவர் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலஞ்சர். பெல்ஜிய நாட்டிற் பிறந்து லண்டன் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த இவர், உலகப் பல்லிகள் யாவற்றையும் தொகுத்து 1885 முதல் 1887 வரை மூன்று பெருந்தொகுதிகளாகப் பட்டியலிட்டார். பல்லிகளைப் பகுப்பதற்கு அவர் விரலமைப்பைப் பெரிதும் துணைக்கொண்டார். வீட்டுப் பல்லியின் விரலடி அகன்று, சுவரைப் பற்றும் மடிப்புகள் உடையது. வேறு சில பல்லிகளின் விரலோ மெலிந்து, கணுக்கணுவாய் வளைந்து, பற்றுமடிப்பு இன்றி நகத்தில் முடியும். அவற்றின் கண்மணியும் வட்டமானது. வீட்டுப் பல்லியின் கண்மணிபோற் செங்குத்தாகச் சுருங்குவதன்று.

மெலிந்த கணுவிரலும் வட்டக் கண்மணியும் உடைய பல்லிகள் வெனிசுவேலா, கொலம்பியா முதலிய தென் அமெரிக்க நாட்டுக் காடுகளில் உள்ளன. அவற்றுக்கு ஆஸ்திரிய அறிஞர் பிட்சிங்கர் 1843 இலேயே கோனாட்டோடஸ் என்று பெயரிட்டிருந்தார். கணுக்களையுடையது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அதே விரலும் அதே கண்ணும் உடைய பல்லிகள் நீலகிரியிலும் கண்டியிலும் உள்ளன. எனவே பூலஞ்சர் இவையனைத்தையும் கோனாட்டோடஸ் என்னும் ஒரே குடியில் வைத்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர்வனபற்றி 1890 இல் அவர் எழுதிய புகழ்பெற்ற நூலிலும் நீலகிரிப் பல்லி அப்பெயராலேயே குறிக்கப்பட்டது.

இதனைப் பூலஞ்சரின் அறியாமை என்று தள்ளுதல் தகாது. கண்ணுக்குப் புலனான ஒப்புமையைக் கொண்டு அவர் முடிவு செய்தார். அன்று கையிலிருந்த கருவி அதுவே. ஆயின் ஒப்புமை இருவகைப்படும். ஒரு தாய்வயிற்றிற் பிறந்ததால் வரும் ஒப்புமை ஒன்று. ஒரே தொழிலைச் செய்வதால் வரும் ஒப்புமை மற்றொன்று. தமிழாசிரியர்க்கு இது எளிதில் விளங்கும். ஒலியால் ஒத்த இரு சொற்கள் ஒரே வேரிற் பிறந்தவை ஆகவேண்டுவதில்லை. ஆற்றின் வழியைக் குறிக்கும் ஆறும், எண்ணைக் குறிக்கும் ஆறும் எழுத்தால் ஒன்று; பொருளால் வேறு. அதுபோல், பாறையிலும் மரப்பட்டையிலும் பகலொளியில் இயங்கும் வாழ்க்கை, இருவேறு கண்டங்களின் பல்லிகளுக்கு ஒரே வடிவைத் தந்துவிட்டது.

மால்கம் ஸ்மித்தின் திருத்தம்

இப்பிணைப்பை அவிழ்த்தவர் மால்கம் ஸ்மித். 1875 இல் பிறந்த இவர் மருத்துவர். சயாம் அரண்மனையில் மருத்துவராய்ப் பணியாற்றியவர். மருத்துவம் தொழிலாகவும் ஊர்வன ஆராய்ச்சி உயிராகவும் வாழ்ந்தவர். 1933 இல் பழைய உலகப் பல்லிகளைப்பற்றி அவர் எழுதிய கட்டுரையில், கோனாட்டோடஸ் என்னும் பெயர் அமெரிக்கப் பல்லிகளுக்கே உரியது என்று வரையறுத்தார். ஆசிய இனங்களுக்கு நெமாஸ்பிஸ் என்னும் பெயரை மீட்டு வழங்கினார். அப்பெயர் அவர் படைத்ததன்று. இன்றைய வியட்நாமைச் சார்ந்த கோன்தாவ் தீவிற் கிடைத்த பல்லி ஒன்றுக்கு, ருஷ்ய நாட்டு அறிஞர் ஸ்டிராக் 1887 இல் இட்ட பெயர் அது. நெடுங்காலம் வழக்கின்றிக் கிடந்த பெயரை ஸ்மித் எடுத்துப் பயன்படுத்தினார். 1935 இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பல்லிகள் பற்றிய தொகுதியில் நீலகிரிப் பல்லியும் கண்டிப் பல்லியும் புதிய குடிப்பெயருடன் தோன்றின.

பெயர் மாறியபோது இலக்கணமும் உடன் மாறியது. கோனாட்டோடஸ் ஆண்பாற் சொல். நெமாஸ்பிஸ் பெண்பாற் சொல். ஆதலின் இண்டிகஸ் என்றிருந்தது இண்டிகா ஆயிற்று. கண்டியானஸ் கண்டியானா ஆயிற்று. எழுவாய்க்கும் பயனிலைக்கும் பாலியைபு வேண்டும் என்று நாம் வகுப்பறையில் வலியுறுத்துவது போலவே, விலங்கியலாரும் குடிப்பெயருக்கும் இயற்பெயருக்கும் பாலியைபு வேண்டும் என்று விதித்துள்ளனர்.

இத்திருத்தம் எல்லோரையும் உடனே சென்றடைந்திலது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1949 இல், சிங்கப்பூர் ராபிள்ஸ் அருங்காட்சியக இதழில் நிக்கல்ஸ் என்பார் பிரேசர் மலைச்சாலைப் பல்லியை விளக்கியபோது, கோனாட்டோடஸ் பிளாவோலினியாட்டஸ் என்றே அதற்குப் பெயரிட்டார். மஞ்சட்கோடுடையது என்பது பின்சொல்லின் பொருள். மலாயா மலையின் மஞ்சட்கோட்டுப் பல்லி தென் அமெரிக்கக் குடிப்பெயர் பெற்ற வரலாறு இதுவே. பின்னரே அதுவும் நெமாஸ்பிஸ் குடிக்கு மாறி, ஈறு திரிந்து பிளாவோலினியாட்டா ஆயிற்று. ஒரு பிழையைத் திருத்துவது வேறு, அத்திருத்தத்தை வழக்காக்குவது வேறு என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

கேமரன் மலையின் பங்கு

மால்கம் ஸ்மித்துக்கும் கேமரன் மலைக்கும் நேரிய தொடர்பு ஒன்று உண்டு. 1924 இல் அவர் கேமரன் மலையினின்று கிடைத்த ஓணான் இனம் ஒன்றை விளக்கினார். மஞ்சட் கழுத்துடையது என்னும் பொருளில் அதற்கு பிளாவிகுலா என்று பெயரிட்டு, நம் வேலி ஓணான் அடங்கிய கலோட்டஸ் பேரினத்தில் வைத்தார்.

அவ்வாண்டை உற்றுநோக்குதல் வேண்டும். வில்லியம் கேமரன் இம்மலையை அளந்தறிந்தது 1885 இல். மலைவாழிடமாக இதனை ஆக்கலாம் என்ற முயற்சி வலுப்பெற்றது 1925 இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து கண்ட பின்னர். ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929 இல். தாப்பாவிலிருந்து மோட்டார் சாலை முடிவுற்றது 1931 இல். ஆகவே, சாலையும் தேயிலையும் வருமுன்னரே கேமரன் மலையின் ஓணான் உலக அறிஞர் ஏட்டில் இடம்பெற்றுவிட்டது.

அவ்வோணானும் பின்னர்க் குடிமாறியது. வேலி ஓணானைப் போன்றே தோன்றினும், மலைக்காட்டில் வாழும் இவ்வினங்கள் தனிப் பேரினத்தவை என்று தெளியப்பட்டது. சூடோகலோட்டஸ் என்பது அதன் பெயர். போலி ஓணான் என்று அச்சொல்லைத் தமிழாக்கலாம். இன்று அதன் முழுப்பெயர் சூடோகலோட்டஸ் பிளாவிகுலா (ஸ்மித், 1924) என்பது. பிறர் பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்த ஸ்மித்தின் பெயரும் அடைப்புக்குறிக்குள் சென்றது! அறிவியலில் எவர் சொல்லும் இறுதிச் சொல்லன்று என்பதற்கு இதுவே தக்க சான்று.

ஒவ்வொரு மலையும் ஒரு தீவு

பெயரைத் திருத்துவதனால் ஆய பயன் என்னை என்று சிலர் வினவலாம். அதற்குரிய விடை அண்மைக்காலத்திற் கிடைத்துள்ளது.

தீபகற்ப மலேசியாவின் நடுவே நெடிதோடும் தித்திவங்சா மலைத்தொடர் கீழிருந்து காண்போர்க்கு ஒரே தொடராகத் தோன்றும். குளிர்மலை உயிர்களுக்கோ அது ஒன்றன்று. கேமரன் மலையும், பிரேசர் மலையும், கெந்திங் மலையும் அவற்றுக்குத் தனித்தனி உலகங்கள். இடைப்பட்ட தாழ்வான பகுதிகளின் வெப்பத்தை அவை தாங்குவதில்லை. கடல் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்கிறோம்; வெப்பம் சூழ்ந்த குளிர்மலையை வானத்தீவு என்று அறிஞர் அழைக்கின்றனர். உலகம் குளிர்ந்திருந்த பழங்காலங்களில் மலைக்காடு கீழிறங்கிப் பரவியது; வெப்பம் மிக்க காலங்களில் மீண்டும் உச்சியை நோக்கி ஒதுங்கியது. ஒதுங்கிய உயிர்கள் தம்தம் மலையில் அடைபட்டு, தலைமுறை தலைமுறையாய்த் தனிவழி வளர்ந்து வேறு வேறு இனங்களாயின. கடல்கடந்து குடியேறிய மக்களின் பேச்சு, தலைமுறைகள் செல்லச் செல்லத் தாய்நிலப் பேச்சினின்று வேறுபடுவதை இதற்கு ஒருபுடை உவமையாகக் கொள்ளலாம்.

இவ்வுண்மையைக் கருத்திற்கொண்டு கலிபோர்னியாவின் லா சியேரா பல்கலைக்கழக அறிஞர் லீ கிரிஸ்மரும், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஷாருல் அனுவார், இவான் குவா முதலிய அறிஞர்களும் இணைந்து மலைதோறும் ஆராய்ந்தனர். 2014 இல் தென்கிழக்காசிய நெமாஸ்பிஸ் பல்லிகளைப் பற்றி வெளியிட்ட பெருங்கட்டுரையில் எட்டுப் புதிய சிற்றினங்களை விளக்கினர். அவற்றுள் ஒன்றே கேமரன் மலைப் பல்லி. பிரேசர் மலையின் மஞ்சட்கோட்டுப் பல்லியினின்று இது வேறு என்று காட்டி, நெமாஸ்பிஸ் டெமியா என்று பெயரிட்டனர். அம்மலைப்பகுதியின் தொல்குடியினரான தெமியார் மக்களின் நினைவாக வைத்த பெயர் அது. தேயிலைக்கும் சாலைக்கும் முன்னரே அம்மலைக் காட்டை அறிந்தவர் பெயர், அம்மலைக்கே உரிய உயிரின் பெயராக அமைந்தது பொருத்தமுடைத்து. இப்பெயருக்குப் பின் கிரிஸ்மரும் உடனாராய்ந்தோரும், 2014 என்று அடைப்புக்குறியின்றி எழுதுவர். பிறந்த குடியிலேயே அது இன்றும் இருக்கின்றது.

இரண்டாண்டு கழித்து, 2016 இல், போலி ஓணான்களின் முறை வந்தது. பிரேசர் மலையிலிருந்து ஒன்றும், கேமரன் மலையிலிருந்து ஒன்றும், கெந்திங் மலையிலிருந்து ஒன்றும் ஆக மூன்று புதிய சிற்றினங்கள் விளக்கப்பட்டன. அவற்றுக்கு முறையே டிரோகான், ரேகால், விசெரியோன் என்று பெயரிட்டனர். அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் மார்ட்டினின் புனைகதையில் வரும் மூன்று பறவைநாகங்களின் பெயர்கள் இவை. முள்முடி தரித்த இம்மலை ஓணான்களைக் கண்டோர்க்கு அப்பெயர்கள் மிகையாகத் தோன்றா.

இவ்வாராய்ச்சியில் வெளிப்பட்ட செய்தியொன்று சிந்தனைக்குரியது. கேமரன் மலையில் இப்போது போலி ஓணான் இனங்கள் இரண்டு அறியப்பட்டுள்ளன. ஒன்று ஸ்மித்தின் மஞ்சட் கழுத்தோணான், மற்றொன்று ரேகால். ஒரே மலையில் வாழ்வதால் இவ்விரண்டும் உடன்பிறப்பாக இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் மஞ்சட் கழுத்தோணானுக்கு மிக நெருங்கிய உறவு, தெற்கே 121 கிலோமீட்டர் தொலைவில் கெந்திங் மலையில் வாழும் விசெரியோன். ரேகாலின் உறவோ பிரேசர் மலையின் டிரோகானோடும், பேராக்கில் வேறொரு மலைத்தொடரிலுள்ள புக்கிட் லாருட்டின் ஓணானோடும் ஆகும். அண்டை வீட்டார் அனைவரும் உறவினர் அல்லர். உறவினர் அனைவரும் அண்டையில் வாழ்பவரும் அல்லர்.

வேறுபாட்டை நிறுவும் முறை

இது புதிய இனம் என்று சொல்லிவிடுவது எளிது, நிறுவுவது அரிது. ஆராய்ச்சியாளர் முதலில் ஒரு தனி உயிரைத் தேர்ந்து அதனை மூலமாதிரியாகக் காப்பகத்தில் வைப்பர். பெயர் அம்மாதிரியோடு கட்டப்பட்டது. பின்னாளில் ஐயம் எழுந்தால் அம்மாதிரியையே எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஏட்டுச்சுவடியின் பாடவேறுபாட்டைத் தீர்க்க மூலச் சுவடியை நாடுவதற்கு இது நிகராகும்.

அடுத்து அளத்தலும் எண்ணலும். உதட்டோரச் செதில் எத்தனை, கண்ணைச் சூழ்ந்த செதில் எத்தனை, விரலடித் தகடு எத்தனை, முதுகின் கரடு எத்தனை வரிசை, வாலின் கட்டு எத்தனை, ஆணிடம் மெழுகு கசியும் நுண்துளை உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பர். நிறத்தை உயிருள்ளபோதே குறித்தல் வேண்டும். சாராயத்திலிட்ட உடலில் மஞ்சளும் சிவப்பும் மங்கிவிடும். பழைய காப்பகங்களில் இருந்த உடல்களை மட்டும் கண்டு வகுத்தோர் சில வேறுபாடுகளைத் தவறவிட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இறுதியாக மரபணுச் சான்று. உயிரணுவில் எழுதப்பட்டுள்ள எழுத்துவரிசையை ஒப்பிட்டு, யார் யாரோடு நெருங்கியவர் என்று குடிவழி வரைவர். இச்சான்றே கோனாட்டோடஸ் வழக்கை ஐயமின்றித் தீர்த்தது. இன்றைய பகுப்பில் அமெரிக்கக் கோனாட்டோடஸ் ஒரு குடும்பம். நம் நெமாஸ்பிஸ் வேறொரு குடும்பம். ஸ்மித் மரபணுவைக் காணாமலே கண்ட முடிவு உண்மையென நிலைபெற்றது.

ஆயினும் வரலாறு அத்துடன் முடிந்திலது. 2012 இல் டோனி கேம்பிளும் உடனாராய்ந்தோரும் வெளியிட்ட உலகப் பல்லிகளின் குடிவழி, மற்றொரு முடிச்சைக் காட்டிற்று. நெமாஸ்பிஸ் எனப்பட்டவையும் ஒரு குடியல்ல. ஆப்பிரிக்காவில் வாழ்வன ஒன்று, இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வன ஒன்று, தென்கிழக்காசியாவில் வாழ்வன ஒன்று என மூன்று வேறு வழிகளில் தோன்றியவை அவை. மெலிந்த விரலும் வட்டக் கண்ணும் அங்கும் அறிஞரை மயக்கியிருந்தன. பெயருக்கு மூலமான பல்லி கோன்தாவ் தீவினது ஆதலின், நெமாஸ்பிஸ் என்னும் பெயருக்கு முறைப்படி உரிமையுடையவை கேமரன் மலைப் பல்லியும் அதன் சுற்றமுமே. நீலகிரிப் பல்லியும் கண்டிப் பல்லியும் இன்னும் அப்பெயராலேயே வழங்கப்படினும், இன்னுமொரு முறை குடிமாற நேரலாம்.

பெயரின்மையால் வரும் கேடு

நீலகிரியிலும் கண்டியிலும் ஒரே இனமென்று பன்னெடுங்காலம் எண்ணப்பட்டவை, உற்றுநோக்கியபோது பலவாகப் பிரிந்தன. கண்டியானா என்ற ஒரு பெயரின்கீழ்க் கிடந்தவற்றை 2007 இல் இலங்கை அறிஞர்கள் ஆராய்ந்து புதிய இனங்களை வகுத்தனர். சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலைப் பல்லிக்கு 2000 ஆம் ஆண்டில் ஏற்காட்டின் பெயரையே இட்டனர். அதனை விளக்கிய இருவருள் ஒருவரான இந்திரனீல் தாஸ், மலேசியாவின் சரவாக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். தமிழகத்து மலைக்கும் மலேசியத் தீவுக்கும் இடையே அறிவுப்பாலம் அமைந்தமை மகிழ்ச்சிக்குரியது.

இப்பகுப்பு வெறும் ஏட்டுக்கணக்கன்று. பல மலைகளில் பரவிய ஒரே இனம் என்று எண்ணும்வரை, ஒரு மலையின் காடு அழிந்தால் கேடில்லை. பிற மலைகளில் அது வாழும் என்று அமைதி கொள்ளலாம். அம்மலைக்கே உரிய தனியினம் என்று அறிந்தபின் அவ்வமைதிக்கு இடமில்லை. அக்காட்டோடு அவ்வினமும் உலகினின்று நீங்கும். பெயரில்லாத உயிர் அழிந்தால் அழிந்தது என்று சொல்லவும் ஆளில்லை. டெமியா என்னும் பெயர் 2014 இல் வாய்க்காதிருந்தால், கேமரன் மலைக்கே உரிய ஒரு பல்லி உண்டு என்பதையே நாம் அறிந்திரோம்.

கியா பார்ம் முதலிய ஊர்களைச் சூழ்ந்து மலைச்சரிவுகளில் காய்கறித் தோட்டங்களும், அவற்றை மூடிய நெகிழிக் கூரைகளும் பெருகியுள்ளன. பிரிஞ்சாங் மலையுச்சியின் பாசிக்காடு இன்றும் நிற்கின்றது. சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளுக்கு மேல் மேகம் அதனைத் தழுவிக் கிடக்கின்றது. ஏறத்தாழ 2,030 மீட்டர் உயரமுள்ள அவ்வுச்சியோடு அம்மலை முடிகின்றது. உலகின் வெப்பம் மிகுமாயின், கீழிருந்து ஒதுங்கும் குளிர்நில உயிர் ஏறிச்செல்ல இடமில்லை என்பதை நாம் மறத்தலாகாது. உழவர் வாழ்வும் வேண்டும், காடும் வேண்டும். இவ்விரண்டையும் எடைபோடும்போது தட்டில் வைக்கப்படும் பொருள் இன்னதென்று அறிந்திருத்தல் கட்டாயமாகும்.

ஆசிரியர் ஆற்றத்தக்கது

இவ்வரலாற்றில் தமிழாசிரியர்க்கு இரண்டு பணிகள் உள. ஒன்று, சொற்பணி. பல்லி என்ற ஒரு சொல்லோடு நில்லாமல், மலையில் வாழும் இவற்றுக்குப் பொருத்தமான தமிழ்ப்பெயர் வழக்கிற்கு வருதல் வேண்டும். கோனாட்டோடஸ் என்பதற்குக் கணுவிரற்பல்லி என்றும், இந்திய இலங்கை இனங்களுக்குப் பகற்பல்லி என்றும், தென்கிழக்காசிய இனங்களுக்குப் பாறைப்பல்லி என்றும், சூடோகலோட்டஸ் என்பதற்கு மலையோணான் என்றும் வழங்கலாம். இப்பெயர்கள் பொருளை விளக்குவன, நாவிற்கும் எளியன. இவற்றினும் சிறந்தவற்றைப் புலமையுடையோர் காண்பாராயின் அவற்றையே கொள்ளலாம்.

மற்றொன்று, கண்பணி. மாணவர்க்குப் பல்லி விழும் பலன் தெரிந்த அளவுக்குப் பல்லியின் விரல் தெரிவதில்லை. பள்ளிச் சுவரில் ஊரும் பல்லியின் விரலடியையும், தோட்டத்துப் பாறையில் தென்படும் பல்லியின் விரலையும் ஒப்பிட்டு வரையச் செய்யலாம். கண்மணி வட்டமா, கோடா என்று குறிக்கச் செய்யலாம். கண்ட இடம், நாள், நேரம், உயரம் ஆகியவற்றை ஏட்டில் எழுதச் செய்யலாம். பிடித்தலும் துன்புறுத்தலும் வேண்டா, அவை முறையுமல்ல. கண்டு குறித்தலே போதும். பூலஞ்சரும் ஸ்மித்தும் அருங்காட்சியகத்தில் எண்ணியதும் அந்த விரலையும் செதிலையுமே.

மூன்று மலைகளிலும் தேயிலைக்கொழுந்து பறித்த நம் மக்கள், தம் கைக்கெட்டும் தொலைவில் வாழ்ந்த இச்சிற்றுயிர்களோடு தலைமுறை தலைமுறையாய்ப் பழகியவர்கள். அவற்றைப் பிரித்தறிந்து பெயரிடும் வாய்ப்பு அவர்களுக்கு அன்று இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பள்ளியில் அமர்ந்துள்ளனர். பல்கலைக்கழகத்தின் வாயிலும் அவர்க்குத் திறந்துள்ளது. மலேசிய மலைகளில் இன்னும் பெயரிடப்படாத உயிர்கள் இருத்தல் கூடும் என்பதையே 2014, 2016 ஆம் ஆண்டு ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. இனி வரும் பெயர் ஒன்றின் பின்னே, அடைப்புக்குறியின்றி, தோட்டப் பள்ளியிற் பயின்ற ஒருவரின் பெயர் நிற்குமாயின் அது கல்விக்கும் மொழிக்கும் ஒருங்கே பெருமையாகும். அதற்குரிய வித்து, ஒன்றுபோல் தோன்றும் இரண்டைக் கண்டவுடன் இவை உண்மையில் ஒன்றுதானா என்று கேட்கும் பழக்கமே.